தண்டச் செலவு

ஞாயிற்றுக்கிழமை காலையில் காபி ஆறுவதற்குள் வெல்டர் மடிக்கணினியைத் திறந்துவிடுவார். பென்ஷன் பணத்தை வைத்துப் பார்த்துக்கொள்ள எந்தக் கம்பெனி எவ்வளவு கட்டணம் பிடிக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தேடி, உரக்கப் படிப்பார். ஓய்வு பெற்ற மனிதர்கள் சிலர் செடி வளர்ப்பார்கள், சிலர் அக்கம்பக்கத்து வம்பு வளர்ப்பார்கள். இவருக்கு இது.

"என் கம்பெனிக்காரன் வருஷத்துக்கு நூத்துக்குப் புள்ளி மூணுதான் எடுக்கிறான். உன்னோடது புள்ளி ஒம்போது. மூணு மடங்கு! எதுக்கு? போன் பண்ணா ஒருத்தி எடுத்துப் பேசறதுக்கு. தண்டம்!"

"பேசினா பேசிட்டுப் போறா," என்பாள் மனைவி, அடுப்பிலிருந்து திரும்பாமலே.

அவர் கம்பெனியில் பேச ஆளே கிடையாது. எல்லாம் திரையில்தான், அதனால்தான் மலிவு என்று மார்தட்டுவார். பள்ளிக்கூடச் சமையலறையில் வெந்து அவள் சேர்த்த பணத்தையும் தன் கம்பெனிக்கே மாற்றச் சொல்லி மூன்று வருடமாக நச்சரித்தார். அவள் அசையவில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவரிடம் வாதாடி என்ன பயன் என்று விட்டுவிட்டாள் போலும்.

அவளிடம் அவர் ஒன்றை மறைத்து வைத்திருந்தார். வெல்டிங் வெளிச்சம் பார்த்துப் பார்த்துக் கண் இரண்டும் மங்கிக்கொண்டே வந்தன. போன பார்வை திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் மூச்சு விடவில்லை. டம்ளரைத் தட்டிவிட்டால் "இதை எவ இங்க வச்சது?" என்று கத்துவார். படியில் கைப்பிடியைத் தடவினால் முழங்கால் வலி என்பார். கண் தெரியாத கிழவனுக்குச் சோறு போடுகிறோம் என்று அவள் நினைத்துவிடக் கூடாது, அவ்வளவுதான் அவர் கவலை.

அவள் போய்ச் சேர்ந்தது ஒரு சாயங்காலம், துணி மடித்துக்கொண்டிருந்தபோது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் கிளம்பிப் போன பிறகு வீடு பெரிதாகிவிட்டது.

அவள் கணக்கை மூடிப் பணத்தைத் தன் கணக்கில் சேர்க்க வேண்டும். திரையைத் திறந்து வைத்துக்கொண்டு காலை முழுக்கப் போராடினார். எழுத்தெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. கேட்க ஆளில்லை. கடைசியில் வேறு வழியில்லாமல் அந்தத் தண்டத்துக்கே போன் போட்டார்.

எடுத்தது ஒரு பெண். மனைவி போன விஷயத்தைச் சொன்னார்.

"மாசா மாசம் பேசுவாங்க, ஐயா. இந்த மாசம் காணோமேன்னு நினைச்சேன்." விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. "நீங்கதான்னு உறுதி பண்ண ஒரு கேள்வி கேக்கணும். அம்மாவே வச்சுட்டுப் போன கேள்வி. எங்க கட்டணத்துக்கு நீங்க வச்சிருக்கிற பேரு என்ன?"

வெல்டருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "தண்டம்."

"சரி ஐயா. இறப்புச் சான்றிதழ மட்டும் தபால்ல அனுப்புங்க. மத்தத நானே நிரப்பி உங்களுக்குப் படிச்சுக் காட்டறேன். கையெழுத்து போடற இடத்துல தடிமனா ஒரு ஒட்டு ஒட்டி அனுப்பறேன், தடவினாலே தெரியும். அம்மா அப்படித்தான் ஏற்பாடு பண்ணச் சொன்னாங்க."

"ஏன், எனக்குப் படிக்கத் தெரியாதா?" என்று சீறினார்.

"உங்க கண்ணப் பத்திச் சொல்லியிருக்காங்க, ஐயா."

"அவளுக்குத் தெரியாதே!"

"மூணு வருஷமாத் தெரியும். ஒரு ஞாயித்துக்கிழமை ஒரு கம்பெனியோட கட்டணத்தப் புள்ளி மூணுன்னு படிச்சீங்களாம். அம்மா பின்னாடி நின்னு பாத்திருக்காங்க. அது எட்டு."

வெல்டர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். அந்த வாரமே தன் பணம் முழுவதையும் அந்தக் கம்பெனிக்குத்தான் மாற்றியிருந்தார். அன்றிலிருந்து எத்தனை ஞாயிறு, எத்தனை தண்டம்! புள்ளி எட்டுக்கும் புள்ளி ஒன்பதுக்கும் வித்தியாசம் வெறும் புள்ளி ஒன்று. அத்தனையையும் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாளே, பாவி.

"சொல்லியிருக்கலாமே..." என்றார்.

"நானும் அதத்தான் கேட்டேன். 'சொன்னா கணக்குப் பாக்கறதையே விட்டுடுவாரும்மா, வேலை போனப்புறம் அவருக்கு இருக்கறது அது ஒண்ணுதான்'னாங்க. எங்களவிட மலிவா வேற எடம் இருக்குன்னும் நான் மறைக்காமச் சொன்னேன். 'நான் முன்னாடி போயிட்டா அவர் கேட்டா சொல்ல ஒரு ஆள் வேணும், அதுக்குத்தான் இந்தக் காசு'ன்னு சொல்லிட்டாங்க."

மேஜை மேல் மடிக்கணினி வெளிச்சம் காட்டிக்கொண்டிருந்தது.

"கணக்க மூடி உங்க கம்பெனிக்கு அனுப்பிடவா, ஐயா?"

"வேண்டாம்மா. என்னோடதையும் அங்க கொண்டுவர என்ன பண்ணணும்?" மடிக்கணினியை மூடினார். "மெதுவா சொல்லு. எனக்குக் கண்ணு தெரியல."

அந்த வீட்டில் அவர் அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அடுப்படியில் "உம்" கொட்ட ஆளில்லை.