பச்சை நிற எழுபத்திரண்டு

அலுவலகத்தில் அவருக்கு மின்னல் என்று பெயர். மேலாளர் என்ற பட்டத்தைவிட அது அவருக்குப் பொருந்தியது. பளிச்சென்று வந்து எதையாவது சொல்லிவிட்டு மறைந்துவிடுவார். இடி விழுவது மற்றவர்கள் தலையில். உடல்நலம் பார்த்துச் சொல்லும் செயலி ஒன்றை அந்த அலுவலகம் நடத்திவந்தது. கைக்கடிகாரம் நாடித்துடிப்பை எடுக்கும், போன் அதைக் காட்டும். காட்டுவதற்குள் பார்க்கிறவருக்குக் கொட்டாவி வந்துவிடும், அதுதான் சிக்கல்.

மின்னல் ஒரு வழி கண்டுபிடித்தார். கடிகாரத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். திறந்ததுமே போன மாதத்துச் சராசரியை இப்போதைய துடிப்பு மாதிரி பச்சையில் காட்டிவிடலாம். நிஜமான எண் பிறகு சாவகாசமாக வந்து உட்காரட்டும். அதற்குள் முக்கால்வாசிப் பேர் பார்த்துவிட்டு மூடியிருப்பார்கள். கூட்டத்தில் எல்லாத் தலையும் ஆடியது. புரோகிராம் எழுதுகிறவள் மட்டும் இது சுத்தப் பொய் என்றாள்.

"ஜனங்களுக்கு நிஜம் வேணாம்மா. பச்சை கலர் போதும்" என்றார் மின்னல்.

இந்த ஆளுக்கு நாடி கையில் எந்தப் பக்கம் இருக்கிறது என்றாவது தெரியுமா என்று நினைத்தபடி, பல்லைக் கடித்துக்கொண்டு எழுதிக் கொடுத்தாள். வேகம் அபாரம் என்று பாராட்டுகள் குவிந்தன. மின்னல் கேக் வெட்டினார்.

சில வாரம் கழித்து அக்கா வீட்டுக்குப் போனாள். அக்கா சோபாவில் சுருண்டு கிடந்தாள். கொஞ்ச நாளாகவே படபடப்பு, கை நடுக்கம், மாடிப்படி ஏறினால் கண் இருட்டுகிறதாம். டாக்டரிடம் போகலாமா என்று கேட்டதற்கு அத்தான் தினமும் அவள் போனைத் திறந்து, பச்சையில் வந்த எண்ணை மட்டும் பார்த்து மூடிவிட்டு, எழுபத்திரண்டு, எல்லாம் நல்லாத்தான் இருக்கு, சும்மா மனப்பிரமை என்று சொல்லிவிட்டாராம். இப்போதும் அதையே நீட்டினார்.

"பாரு, நார்மல். உங்க ஆபீஸ் ஆப்தானே சொல்லுது?"

அவள் அக்காவின் மணிக்கட்டில் விரல் வைத்தாள். உள்ளே ஏதோ தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்தது. கட்டின மனைவியின் கையைத் தொட்டுப் பார்க்கத் தோன்றாத மனிதரை என்ன சொல்வது? காரை எடுங்கள் என்றாள். ஆஸ்பத்திரியில் தைராய்டு என்றார்கள். மாத்திரையில் அடங்கிவிடும், இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் இதயத்துக்குத்தான் ஆபத்து.

மறுநாள் அலுவலகத்தில் நிஜமான எண் வர ஏன் இவ்வளவு நேரம் ஆகிறது என்று அடியிலிருந்து பார்த்தாள். ஒரு பெரிய மர்மமும் இல்லை. திறந்ததும் சிவப்பு இதயம் ஒன்று துள்ளிக் குதித்து வணக்கம் சொல்ல வேண்டும், அதன் பின்னால் ஒரு வருடத்துக் கணக்கு முழுக்க வரைபடமாக விரிய வேண்டும். இரண்டும் மின்னலின் யோசனை. அதெல்லாம் வந்து சேர்ந்த பிறகுதான் கடிகாரத்தையே கேட்டது. இதயத்தைத் தூக்கினாள். வரைபடத்தைக் கேட்டால் மட்டும் வரும்படி வைத்தாள். முதல் வேலையாகக் கடிகாரத்திடம் கேட்கச் சொன்னாள். பதில் வரும்வரை, பச்சை எண் இருந்த இடத்தில் வெறும் கோடு. எண் கண்மூடித் திறப்பதற்குள் வந்தது. அதுவும் நிஜமான எண்.

மின்னலுக்கு முகம் சுண்டிவிட்டது. கோடு பார்க்கத் தரித்திரமாக இருக்கிறதாம். இதயமும் பச்சை எண்ணும் திரும்ப வர வேண்டுமாம்.

அவள் அக்காவுக்கு நடந்ததை எல்லோர் எதிரிலும் சொன்னாள். பிறகு தன் கீபோர்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"அந்தப் பொய்யை எழுதினது என் கை. இன்னொரு தடவை எழுதாது. வேணும்னா நீங்களே போட்டுக்குங்க சார்."

மின்னல் கீபோர்டைப் பார்த்தார். அவர் ஒரு வரிகூட எழுதியதில்லை என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். யாரும் சிரிக்கவில்லை; சிரிப்பை அடக்கியது நன்றாகவே தெரிந்தது. ஏதோ போன் வந்தது போல எழுந்து வெளியே போனார்.

அவள் மாற்றியதே நிலைத்தது. அடுத்த மாதம் முதலாளிகள் முன்னால் மின்னல் எழுந்து, வேகமும் துல்லியமும் ஒன்றாக வர வேண்டும் என்பது ஆரம்பம் முதலே தன் கனவு என்று பேசினார். அவள் கடைசி வரிசையில் உட்கார்ந்து, மாத்திரை போட்டாயா என்று அக்காவுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தாள். கைதட்டல் கேட்டபோதும் நிமிர்ந்து பார்க்கவில்லை.