இதம் சார் வீட்டில் இரண்டு வாரம்

வீட்டுத் தரகு அலுவலகத்தில் அவருக்குப் பெயர் 'இதம் சார்'. வாடகைக்கு வரும் வீடுகளைப் படம் எடுத்து விளம்பரம் எழுதுவது அவர் வேலை. தீப்பெட்டி அளவு அறையானாலும் 'இதமான படுக்கையறை' என்பார். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர் மூக்கில் இடிக்கும். அதற்கு 'கதகதப்பான கூடம்' என்று பெயர் வைப்பார். கூசாமல் எழுதுகிற மனிதர்தான். ஆனால் எழுதியதை அவரே நம்பவும் செய்தார்.

நாற்பத்தைந்து வயதில் கல்யாணம் செய்துகொண்டார். மனைவி செவிலியர், கணவரை இழந்தவர். மனைவியின் பதினான்கு வயது மகள் இத்தனை நாள் பெரியம்மா வீட்டில் வளர்ந்தாள். விடுமுறைக்கு வந்தவள் வாசலிலேயே கறாராகச் சொல்லிவிட்டாள்.

"ரெண்டு வாரம் இருந்து பாக்கறேம்மா. ஒத்துவரலன்னா பெரியம்மா வீட்டுக்கே போயிடுவேன்."

மனைவி சிரித்துத் தலையாட்டினாள். பிறகு சமையலறைக்குள் போய் அழுதாள். "அவ போயிட்டா எனக்கு இங்க பாதி உசுருதாங்க இருக்கும்" என்றாள்.

அன்றிலிருந்து மனிதர் உட்காரவே இல்லை. படம் எடுக்குமுன் செருப்பு, துண்டு, மருந்து பாட்டில் எல்லாவற்றையும் கண்ணில் படாமல் ஒளித்துவிடுவது அவர் தொழிலில் பழக்கம். அப்போதுதான் பார்க்கிறவருக்கு அந்த வீட்டில் குடியேற ஆசை வருமாம். அதையே இங்கும் செய்தார். மகள் சோபாவில் வைத்த புத்தகம் அலமாரிக்குப் போனது. கண்ணாடி முன்னால் வைத்த சீப்பு இழுப்பறைக்குள் போனது. குளித்துவிட்டு வந்தால் பையே பீரோவுக்குள் இருந்தது. வீடு பளபளவென்று ஆக ஆக, அவள் சோபா நுனிக்கு நகர்ந்தாள். "ஃபேன் போட்டுக்கட்டுமா அங்கிள்?" என்று அனுமதி கேட்டாள். இவர் இன்னும் அழுத்தித் துடைத்தார், பாவம்.

பன்னிரண்டாம் நாள் அவள் பையைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏதாவது வசதி கொறைஞ்சுதாம்மா?" என்று கேட்டார்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் எதை வெச்சாலும் அஞ்சு நிமிஷத்துல காணோம். என் சாமான் உங்க கண்ல படக்கூடாதுன்னா சொல்லியிருக்கலாமே, பையைப் பிரிச்சே இருக்க மாட்டேன்."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஐயோ, அப்படி இல்லம்மா! ஆளில்லாத வீட்டை அழகுன்னு காட்டியே பழகிட்டேன். உன்னை வரவேற்கறதா நெனைச்சு உன்னையே தொடைச்சுத் தள்ளியிருக்கேன். ஆயிரம் வீட்டுக்கு 'இதமான'னு எழுதியிருக்கேன், அது என்னன்னே எனக்குத் தெரியல."

"நாளைக்குக் காலைல பெரியம்மா வர்றாங்க" என்று மட்டும் சொன்னாள்.

அவர் தன் சட்டையைக் கழற்றி நாற்காலி மேல் போட்டார். செய்தித்தாளைப் பிரித்தபடியே விட்டார். கை பரபரத்தது, கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அந்த அவஸ்தையைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் சீப்பு கண்ணாடி முன்னால் வந்தது. சாயங்காலம் அவள் மேசையைப் பிடித்து இழுத்தாள்.

"இது ஜன்னலோரம் இருந்தா படிக்க வெளிச்சமா இருக்கும்."

"இழுத்துப் போட்டுக்கோ" என்றார். தரையில் நீளமாக ஒரு கீறல் விழுந்தது. அவர் மறுமுனையைப் பிடித்துத் தள்ளினார்.

காலையில் அழைப்பு மணி அடித்தபோது அவர் சமையலறையிலேயே நின்றுவிட்டார். கதவைத் திறந்தது அவள்தான்.

"கெளம்பலாமாடி?" என்றது பெரியம்மாவின் குரல்.

"மொதல்ல உள்ள வாங்க பெரியம்மா, வந்து உக்காருங்க. சோபால கெடக்கற என் துணியெல்லாம் அப்படித் தள்ளி விட்டுக்குங்க. டீ போடறேன்." சமையலறைக்குள் வந்தவள் டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். "அங்கிள், நம்ம வீட்ல சர்க்கரையை எங்கதான் வெச்சிருக்கீங்க?"

சர்க்கரை அவர் கண் முன்னால்தான் இருந்தது. கண் நிறைந்திருந்ததால் அவருக்குத் தெரியவில்லை. அவளே தேடி எடுத்துக்கொண்டாள்.