கோபு சாப்பிட்ட எலுமிச்சைச் சோறு

என் புருஷன் ஷாகுலுக்கு நெஞ்சில் பெட்டி வைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்ன மூன்றாம் நாள், பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பொறுக்கினேன் என்று பேர்தான். கை ஒரு பக்கம், புத்தி ஒரு பக்கம்.

ஷாகுல் தோல் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அவருடைய அண்ணன் அசார் போன வருஷம் பல்லாவரம் ஸ்டேஷன் மேம்பாலத்தில் படி ஏறும்போது விழுந்தவர், எழுந்திருக்கவே இல்லை. முப்பத்து நாலு வயசு. அதற்குப் பிறகுதான் தெரிந்தது, இதயச் சதை தடித்துப்போகிற வியாதி இவர்கள் ரத்தத்திலேயே ஓடுகிறது என்று. ஷாகுலுக்கும் இருந்தது. அன்றிலிருந்து நாங்கள் அந்தப் படிப் பக்கமே போவதில்லை. தாம்பரம் போவதென்றாலும் பஸ்தான்.

புதன்கிழமை தாம்பரம் ஆஸ்பத்திரியில் அவரை டிரெட்மில்லில் நடக்க விட்டார்கள். நடக்க நடக்க பிரஷர் ஏற வேண்டுமாம். இவருக்கு ஆறாவது நிமிஷத்தில் இறங்கியது. டாக்டர் யக்ஞநாராயணன் காகிதத்தை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

"இந்த வியாதியில நடக்கும்போது பிரஷர் இறங்கினா, திடீர்னு இதயம் நின்னுபோற ஆபத்து அதிகம்மா. அண்ணன் வேற அப்படிப் போயிருக்கார். ரெண்டையும் சேர்த்துப் பார்த்தா, ஷாக் குடுத்து இதயத்தை எழுப்பற பெட்டி ஒண்ணை உள்ள வெச்சுடறது நல்லது" என்றார். பெருநாள் முடிந்த வாரம் என்று தேதியும் குறித்தாயிற்று.

நான் இந்த நினைப்பில் இருக்கும்போதுதான் பின்னாலிருந்து கோபுவின் குரல். கோபு, ஷாகுலுக்குப் பக்கத்து மேஜையில் வேலை செய்கிறவன். வெள்ளிக்கிழமை அவர்கள் கம்பெனிக்கு லீவு.

"இன்னா அண்ணி, சந்தைக்கா? புதன்கெழம எலுமிச்ச சோறு சூப்பரு அண்ணி. உருளக்கெழங்குதான் கொஞ்சம் காரம் தூக்கலு."

"அத நீ எங்கடா சாப்ட்ட?"

"டெய்லி நான்தானே துன்னுகினு கீறேன்! பாய்க்கு நோன்பாச்சே. டப்பாவ என்னாண்ட குட்த்துடுவாரு." சொல்லி முடித்த பிறகுதான் என் முகத்தைப் பார்த்தான். "ஐயோ, சொல்லக் கூடாதா?"

"தண்ணி? தண்ணியாவது குடிப்பாரா?"

"ஒரு சொட்டு தொட மாட்டாரு அண்ணி."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். நோயாளிக்கு நோன்பு கட்டாயமில்லை. மத்தியானச் சாப்பாட்டோடு மாத்திரை போட்டே ஆக வேண்டும் என்று டாக்டரும் சொல்லியிருந்தார். நான் நோன்பு வைத்துக்கொண்டே இவருக்கு டப்பா கட்டினேன். விடியுமுன் ஸஹர் சாப்பிட நான் எழுந்தால் இவரும் எழுந்து உட்கார்ந்து சாப்பிடுவார். "உனக்குத் துணைக்கு" என்பார். சாயங்காலம் நோன்பு திறக்கும்போது கஞ்சி குடிப்பார். அதுவும் துணைக்காம். ஆஹா, என்ன பாசம் என்று உருகிப் போயிருந்தேனே, மடச்சி!

அடுத்த நொடிதான் கணக்குப் போட்டேன். டெஸ்ட் எடுத்தது புதன்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு. விடியற்காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் படாத உடம்பு அது! பிரஷர் இறங்கியது அதனால்தானோ? வெங்காயத்தை அப்படியே போட்டுவிட்டு ஓட்டமாய் ஓடினேன். "அண்ணி, பை! பை!" என்று கோபு பின்னாலேயே ஓடி வந்தான்.

ஜும்மா தொழுது வந்தவரை வாசலிலேயே பிடித்துக்கொண்டேன்.

"மச்சான், என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க. இன்னிக்கி நோன்பா?"

அவர், பையோடு வந்து உள்ளே உட்கார்ந்திருந்த கோபுவைப் பார்த்தார். கோபு மின்விசிறியைப் பார்த்தான்.

"டெஸ்ட் அன்னிக்கி, சாப்ட்டீங்களான்னு கேட்டாங்களே, இன்னா சொன்னீங்க?"

"ஆச்சுன்னேன். ஸஹர்ல சாப்ட்டேன் இல்ல? பொய் சொல்லலியே."

"நல்லா வருது வாயில!"

"அண்ணன் ஒரு நோன்பு வுட்டதில்ல மாஹிரா" என்றார், தலையைக் குனிந்துகொண்டு. "அடுத்த ரமலான் எனக்கு இருக்குதோ இல்லியோன்னு தோணிச்சு. அதான்."

அதற்கு மேல் எப்படித் திட்டுவது? திட்டத்தான் திட்டினேன், அழுதுகொண்டே திட்டினேன். அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அப்போதே பஸ் ஏறினேன்.

விஷயத்தைக் கேட்டதும் டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "மாத்திரையும் இல்லாம, தண்ணியும் இல்லாமலா? சார், உங்க இதயத்துல ரத்தம் வெளிய போற வழியே குறுகல். உடம்புல தண்ணி குறைஞ்சா அது இன்னும் குறுகும். பிரஷர் இறங்காம என்ன பண்ணும்?" பிறகு என் பக்கம் திரும்பினார். "அந்த டெஸ்டை நம்ப முடியாது, மறுபடி எடுப்போம். ஆனா இப்பவே குதிக்காதீங்கம்மா. மறுபடியும் இறங்கினா பெட்டிதான்."

பெருநாள் கழிந்த புதன்கிழமை. இட்லி, மாத்திரை, இரண்டு செம்புத் தண்ணீர், எல்லாம் என் கண் எதிரில் உள்ளே போயிற்று. டெஸ்ட் எடுக்கிற ஐசக் என்னை வெளியே நிற்கச் சொன்னார். முடியாது என்றேன்.

நின்றபடி பிரஷர் நூற்றுப் பதினெட்டு. பட்டை ஓட ஆரம்பித்தது. மூன்றாவது நிமிஷம் நூற்று முப்பது. ஆறாவது நிமிஷம் வந்தது. போன தடவை இறங்கியது இங்கேதான். ஐசக் ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டிக்கொண்டு, கைப்பட்டையில் காற்றை ஏற்றி, மெதுவாக இறக்கினார். யா அல்லாஹ், இந்த மனுஷன் சொல்லித் தொலைக்கக் கூடாதா!

"நூத்தி நாப்பத்தாறு."

"ஏறுது மச்சான், ஏறுது! வுடாதீங்க!"

"அக்கா, சத்தம் போடாதீங்க, எனக்கு ஒண்ணும் கேக்கல!"

ஒன்பதாவது நிமிஷம் நூற்று அறுபத்திரண்டு. நோன்பு மாதத்தில் இந்தியா இருபது ஓவர் உலகக் கோப்பையை ஜெயித்தபோது எங்கள் தெருவே கத்தியது. நான் ஒருத்தியே அவ்வளவு கத்தினேன். பட்டை நின்றதும் ஷாகுல் வியர்வையோடு என்னைப் பார்த்துச் சிரித்தார். அப்படி அவர் சிரித்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

"பெட்டி இப்போ வேண்டாம்" என்றார் டாக்டர். "அண்ணன் விஷயத்தை மறக்கக் கூடாது. ஆனா உங்களுக்கு மயக்கம் வந்ததில்லை, சதையும் ரொம்பத் தடிக்கலை, ஒரு நாள் முழுக்க எடுத்த ஈசிஜியும் நன்னா இருக்கு. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வந்து காட்டணும். ஓடக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, நோன்பு..."

"அத நான் பாத்துக்கறேன் சார்" என்றேன்.

"படி ஏறலாமா சார்?" என்று கேட்டார் ஷாகுல்.

"நிதானமா ஏறலாம்."

பஸ் வேண்டாம், ரயிலில் போகலாம் என்றார். எனக்குப் புரிந்துவிட்டது. பல்லாவரத்தில் இறங்கி மேம்பாலத்தடியில் நின்றோம். அசார் அண்ணன் விழுந்தது இருபத்து மூன்றாவது படி. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும். கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் ஏறினார், நான் வாய்க்குள் எண்ணிக்கொண்டே பின்னால் ஏறினேன். இருபத்து மூன்றில் அவர் நின்றுவிட்டார்.

எனக்கு உயிரே போய்விட்டது. "மச்சான்? மச்சான்!"

கையை மட்டும் பின்னால் நீட்டினார். "பாட்டில எடு."

பாதி குடித்தார். மூடப்போனவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு மீதியை என்னிடம் நீட்டினார்.

"நீ குடி மாஹிரா. காலைலேர்ந்து நீதான் ஒரு சொட்டு குடிக்கல."

அந்தப் படியிலேயே நின்று குடித்தேன். பிறகு இருவரும் மேலே ஏறினோம்.