இரண்டு தட்டல்

ஈரத்துணியால் அப்பாவின் நகங்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவளுடைய போன் அடித்தது. நகக்கண்ணில் ஏறியிருந்த கறுப்பு போகவில்லை. அது என்றைக்கும் போனதில்லை.

"மேடம், சர்வீஸ் சென்டர்லேர்ந்து பேசறேன். நேத்து இழுத்துட்டு வந்த வண்டி உங்களுதுதானே? இஞ்சின் சுத்தமா போயிடுச்சு மேடம். உள்ள ஒரு சொட்டு ஆயில் இல்ல."

"கசிஞ்சிருக்குமா?"

"இல்ல மேடம், கீழ போல்ட்டு இறுக்கமாதான் இருக்கு. யாரோ பழைய ஆயில இறக்கிட்டு, புதுசு ஊத்தாமலே ஓட்டியிருக்காங்க. வீட்ல சொந்தமா மாத்துவீங்களா?"

"அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள்.

"யாரும்மா?" என்றார் சித்தப்பா.

"ஆபீஸ்லேர்ந்து."

கூடத்தில் நாற்காலிகள் நிறைந்திருந்தன. பாதிப் பேர் அப்பாவிடம் கார் ஓட்டக் கற்றவர்கள். முப்பத்தொரு வருஷம் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவரை வீட்டுக்கு வெளியே எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். நாலு மணிக்கு எடுப்பதாக ஏற்பாடு.

"ஷோரூம்காரன் காபி குடுத்து ஏசில உக்கார வெச்சிட்டு, நம்ம பழைய ஆயிலையே நமக்குத் திருப்பி ஊத்துவான்னு சொல்லுவார் எங்கண்ணன்" என்றார் சித்தப்பா. "வேற எவன் கையும் படக்கூடாதுன்னு வண்டியையும் கையோட கூட்டிட்டுப் போயிட்டார் பாருங்க."

சிலர் மெல்லச் சிரித்தார்கள். ஒருவர், "ஆமா, வண்டி ஏன் நின்னுச்சு?" என்று கேட்டார்.

"பழைய வண்டி" என்றாள் அம்மா, தலை நிமிராமல். "நின்னுடுச்சு."

மகள் கையிலிருந்த துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

திங்கட்கிழமை ராத்திரி சாப்பிடும்போது அவள்தான் அந்தப் பேச்சை எடுத்தாள். "வியாழக்கிழமை ஆயில் மாத்த கம்பெனி ஆள் வந்து வண்டிய எடுத்துட்டுப் போவான்ப்பா. புக் பண்ணிட்டேன். ஸ்டென்ட் வெச்ச உடம்ப வெச்சுக்கிட்டு இனிமே நீங்க வண்டிக்கடியில படுக்கக்கூடாது." அப்பா தட்டிலேயே கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். அவர் பேசாமல் எழுந்தால் அந்த வேலையைத் தானே செய்யப்போகிறார் என்று அர்த்தம். அது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் விட்டுவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை ஷெட்டிலிருந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்து சமையலறைத் தரையில் உட்கார்ந்தார். ஆம்புலன்ஸ்காரர்கள் இருபது நிமிஷம் ஆகும் என்றார்கள். "கார் இருக்குல்ல, எடுடி!" என்று அம்மா கத்தினாள்.

எடுத்தாள். சாவியைத் திருப்பியதும் முதலில் விளக்குகளைப் பார் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் பின்சீட்டில் அம்மாவின் மடியில் சாய்ந்திருந்தார். ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தது. அணையவேயில்லை. அவள் அதைப் பார்க்கத்தான் செய்தாள். பிழைத்து வரட்டும், திட்டட்டும் என்று நினைத்துக்கொண்டாள். இரண்டாவது சிக்னல் தாண்டியதும் தகரடப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்குவதுபோல் ஒரு சத்தம் வந்தது. அப்போதுதான் அவள் தோளில் பின்னாலிருந்து அந்தக் கை விழுந்தது. இரண்டு விரல். இரண்டு தட்டல்.

அப்பா கற்றுக்கொடுக்கும்போது கத்தமாட்டார். கத்தினால் ஓட்டுகிறவர் பதறிவிடுவார் என்பார். மற்றவர்களுக்கு டாஷ்போர்டில் தட்டுவார், மகளுக்குத் தோளில். ஒரு தட்டு என்றால் மெதுவாகப் போ. இரண்டு என்றால் நிறுத்து.

அவள் ஆக்சிலேட்டரை இன்னும் மிதித்தாள். பாலத்தின் மேல் ஏறுகையில் வண்டி ஒரு முறை உதறிவிட்டு நின்றது. வேறு வண்டி கிடைக்கப் பதினோரு நிமிஷம் ஆயிற்று. ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் அவள் எதையும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார் என்று பயமாக இருந்தது.

இப்போது வெளியூரிலிருந்து தம்பி வந்துகொண்டிருந்தான். கார் பைத்தியம். வந்து அழுது முடித்ததும் ஷெட்டுக்குத்தான் போவான். பழைய ஆயில் தட்டையும் பிரிக்காத புது டப்பாவையும் பார்த்தால் போதும், அவனுக்கு விளங்கிவிடும். விளங்கியதை அவனால் அடக்கிவைக்க முடியாது. அம்மாவின் காதுக்குப் போகும். விளக்கு எரிவதைப் பார்த்தும் பெற்ற பெண்தான் நிறுத்தாமல் ஓட்டினாள் என்று தெரிந்தால், அதன் பிறகு அம்மா இந்த வீட்டில் யாருடைய முகத்தைப் பார்த்து இருப்பாள்?

"முகம் கழுவிட்டு வரேன்" என்று எழுந்து பின்வாசல் வழியாக ஷெட்டுக்குப் போனாள்.

ஷெட் தரை ஈரமாக இருந்தது. சோப்புத்தூள் வாசனை. ஆயில் தட்டு கழுவிக் கவிழ்த்து, சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அலமாரியில் புது டப்பா இருந்த இடத்தில் தூசி படியாத ஒரு சதுரம் மட்டும் இருந்தது. ஸ்பேனர்கள் ஆணியில் மாட்டியிருந்தன. அப்பா மாட்டும் அளவு வரிசையில் இல்லை, பெரிதும் சிறிதுமாகக் கலந்து.

பக்கத்தில் டார்ச். எடுத்து அழுத்திப் பார்த்தாள். எரிந்தது.

அப்பா வண்டிக்கு அடியில் படுத்தால் டார்ச் பிடிப்பது எப்போதும் அம்மாதான். "கையை ஆட்டாம பிடிடி", "ஆட்டாமதான் பிடிக்கறேன், நீங்க மூஞ்சியில கொட்டிக்காம இறக்குங்க" என்ற சண்டையைக் கேட்டுத்தான் பல ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் கண்விழித்திருக்கிறாள்.

கார் இருக்குல்ல, எடுடி என்று கத்தியதும் அம்மாதான்.

டார்ச்சை அணைத்தாள். அதே இடத்தில், அதே கோணத்தில் திருப்பி வைத்தாள். ஈரத்தில் பதிந்திருந்த தன் கால் தடத்தைத் துடைப்பத்தால் தள்ளி அழித்துவிட்டு உள்ளே வந்தாள்.

அம்மா அப்படியேதான் உட்கார்ந்திருந்தாள். மகள் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"போன்ல யாரு?" என்றாள் அம்மா.

"ஆபீஸ்தாம்மா."

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல."

வாசலில் டாக்ஸி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. கதவு திறந்து மூடியது. சித்தப்பா எழுந்து போனார். எல்லோரும் வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அம்மாவின் கைகள் மடியில் மல்லாந்து கிடந்தன. பத்து நகங்களின் ஓரத்திலும் கறுப்பு. மகள் கீழே கிடந்த ஈரத்துணியை எடுத்தாள். அம்மாவின் கட்டைவிரலைப் பிடித்துத் துடைக்க ஆரம்பித்தாள். அம்மா கையை இழுத்துக்கொள்ளவில்லை. ஒரு விரல் முடிந்ததும் அடுத்ததை நீட்டினாள்.