குடிலில் ஏறிய உப்பங்கழி நத்தை

திண்டிவனத்தில் எங்கள் தெருவில் கிறிஸ்துமஸ் நெருங்கினால் அமிர்தசாமி அண்ணனைக் கையில் பிடிக்க முடியாது. பங்குக் கோயில் ஃபாதர் வீடு வீடாக வந்து பார்த்துப் பரிசு தரும் குடில் போட்டியில் ஒரு முறையாவது முதல் பரிசு வாங்கிவிட வேண்டும் என்று அவருக்கு ஒரு வெறி. எதிர்வீட்டு அந்தோணி பிரபுவோ வருடா வருடம் மோட்டார் வைத்து அருவி விட்டு அதைத் தட்டிக்கொண்டு போய்விடுவான்.

இந்த முறை அண்ணன் குடிலுக்குள் குளமே கட்டினார். மரக்காணம் உப்பங்கழியிலிருந்து மணல் கொண்டுவந்தார். மணலோடு வந்த சின்னச் சங்கு ஒன்றைக் கரையில் அழகுக்குச் செருகினார். சுண்டுவிரல் நீளம், கூர்முனை, சுற்றிலும் முடிச்சு முடிச்சாக வரி. குளத்தில் தண்ணீர் ஊற்றிய மறுநாள் அது ஆட்டுப் பொம்மையின் முதுகில் இருந்தது. அடுத்த நாள் சூசையப்பர் தோளில்.

"எவன்டா உள்ள பூந்து பேஜாரு பண்ணிக்கினு கீறான்?" என்று அண்ணன் எதிர்வீட்டைப் பார்த்துக் கத்தினார்.

கல்லூரியில் விலங்கியல் படிக்கும் மகள் சகாய பிரியா குனிந்து பார்த்தாள். "அப்பா, இது உசுரோட இருக்குதுப்பா. உப்பங்கழி நத்தை. தண்ணி இல்லன்னா மூடியச் சாத்திக்கினு சும்மா கெடக்கும். தண்ணி ஏறுனா மேல ஏறிக்கும். நீ உப்பில்லாத பைப்பு தண்ணிய ரொப்பினல்ல, தாங்கல அதுக்கு. ஜல்தியா கொண்டுபோயி மரக்காணத்துலயே விட்டுடலாம்."

"காம்பட்டிஷன் முடியட்டும். நாளைக்கு ஃபாதர் வர்றப்ப ஒழுங்கா இருக்கச் சொல்லு அத."

நத்தை யார் பேச்சைக் கேட்கும்? மறுநாள் ஃபாதர் வந்து நின்றபோது அது குழந்தை இயேசுவின் மூக்கின் மேல் சம்மணம் போட்டிருந்தது. தெருவே சிரித்தது. நானும்தான்.

ஃபாதர் மட்டும் சிரிக்கவில்லை. "குளம் பிரமாதம் அமிர்தசாமி. ஃபர்ஸ்ட் பிரைஸ் உங்களுக்குத்தான். அந்தப் பூச்சிய மட்டும் எடுத்து வெளிய போட்டுடுங்க."

அண்ணன் கையை நீட்டினார். நிழல் பட்டதும் நத்தை உள்ளே சுருங்கி மூடியைச் சாத்திக்கொண்டது. அண்ணனின் கை அப்படியே நின்றுவிட்டது. எனக்கு ஆத்திரமாக வந்தது. எடுத்துப் போட்டுத் தொலையேன் மனுஷா!

"புள்ளத்தாச்சி மாதாவுக்கு எடம் இல்லன்னு வெளிய தொரத்துன கதைக்குத்தான ஃபாதர் வருஷா வருஷம் குடில் கட்டிக்கினு கீறோம்?" என்றார் அண்ணன். "இதையும் நானே தொரத்தணுமா?"

ஃபாதர் நத்தையை ஒரு முறை பார்த்துவிட்டு எதிர்வீட்டுக்கு நடந்தார். முதல் பரிசு அருவிக்கே போனது.