தட்டுகள் தீரும் நேரம்

பதினான்கு பக்க அறிக்கையின் அடியில் மூன்று கையொப்பங்கள் இருந்தன, எழுதியவனோ ஒருவன். செர்பியாவின் நீஷ் நகரத்து உயர்நிலைப் பள்ளியில் நாற்பது ஆண்டுகள் மொழி கற்பித்த எனக்கு அதைக் கண்டறிய இரண்டு பக்கங்கள் போதுமானவையாக இருந்தன. குழுவாகச் சிக்கலைத் தீர்ப்பது என்று பெயர் சூட்டி, ஒருவன் உழைப்பில் இருவர் குளிர்காய்வதைப் பல்கலைக்கழகமே பாடமாக வைத்திருக்கிறது. எனக்கு உள்ளம் கொதித்தது.

பொறியியல் புலத்தில் அப்பாடத்தை நடத்தும் ஸ்லாவிட்சா என்னை வெளித் தேர்வாளராக அழைத்திருந்தார். அவர் கொடுத்த சிக்கல் இது: மாணவர் உணவகத்தில் நண்பகல் வரிசை ஏன் ஐம்பது நிமிடம் இழுக்கிறது, அதை எப்படிக் குறைப்பது? தொப்பியிலிருந்து எடுக்கும் சீட்டில் யார் பெயர் வருகிறதோ, அவரே குழுவுக்காகப் பேச வேண்டும். அவர் பெறும் மதிப்பெண்ணே மூவருக்கும். பத்துக்கு ஐந்து என்றால் தோல்வி. தோழர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளலாம்.

மூவரில் தூன்யா என்ற பெண்ணுக்கு இதில் தோற்றால் விடுதி அறை போய்விடும். அவளுடைய ஊர் மலைக்கு அப்பால். நாள்தோறும் வந்துபோக வழியில்லை.

"டேய் லாசர், உன் பேரே வரணும்னு கோயில்ல மெழுகுவத்தி ஏத்திட்டு வந்திருக்கேன்," என்றான் வூக் என்ற நெட்டையன்.

"முதல்ல நான் எழுதின அறிக்கையப் படிச்சியா?"

"படிச்சேன்டா. மூணாம் பக்கத்துல தூங்கிட்டேன்."

சீட்டில் லாசரின் பெயரே வந்தது. பிழைத்துக்கொண்டார்கள் என்று நான் பல்லைக் கடித்தேன். அவன் கரும்பலகையை எண்களால் நிரப்பி, மூன்றாவது கவுண்டர் ஒன்றைத் திறந்தால் போதும் என்று முடித்தான்.

அன்று நண்பகல் அவ்வரிசையில் நானும் நின்றிருந்தேன். பன்னிரண்டரைக்குச் சற்றுப் பின் அது ஐந்து நிமிடம் அசையவே இல்லை.

"வரிசை எப்பப்பா அப்படியே நின்னுபோகுது? ஏன்?" என்று கேட்டேன்.

லாசர் கரும்பலகை எண்களைத் திரும்பிப் பார்த்தான். "நான் வீட்ல சாப்பிடறவன், சார்."

"ஒரு கேள்வி கேட்டுக்கலாம்," என்று ஸ்லாவிட்சா நினைவூட்டினார்.

அவன் தோழர்கள் பக்கம் திரும்பினான். காதுகள் சிவந்திருந்தன.

"ஏன் நிக்குது, தூன்யா?"

"அக்டோபர்லயே சொன்னேன். அதெல்லாம் கணக்குல வராதுன்னுட்ட."

"சரி, இப்பச் சொல்லு."

"தட்டு தீந்துபோகுது. மொத்தமே நானூறுதான். சாப்பிட்டு முடிச்சும் வெறுந்தட்ட வெச்சுக்கிட்டு அரட்டை, இந்த வூக் மாதிரி."

"என்னை ஏன் இழுக்கற? கடிகாரத்தோட மூணு நாள் கால்கடுக்க நின்னவன் நான். ஒரு தட்டு திரும்பி வர முப்பத்தெட்டு நிமிஷம் ஆகுது, சார். அறிக்கைல அதுக்கு ஒரு வரிகூடக் கிடையாது."

நான் கோபித்துக்கொண்ட இருவரும் உழைத்திருந்தார்கள். அந்த உழைப்பை ஒருவன் வாசலிலேயே நிறுத்தியிருந்தான். என் கோபம் ஆள் மாறியது.

லாசர் சுண்ணக்கட்டியை எடுத்தான். "பன்னிரண்டு மணிக்குத் திறக்கறாங்க. ரெண்டு கவுண்டர்ல நிமிஷத்துக்குப் பன்னிரண்டு பேர். நானூறு தட்டும் பன்னிரண்டு முப்பத்திமூணுக்குத் தீருது. முதல் தட்டு திரும்பறது முப்பத்தெட்டுக்கு. நடுவுல அஞ்சு நிமிஷம் வரிசை நிக்கும், சார்." பிறகு மூன்றாவது கவுண்டரைத் தன் கையாலேயே அழித்தான். "இது இருந்தா இன்னும் சீக்கிரமாத் தீரும். அவங்க ரெண்டு பேர் சொன்னதுதான் விடை."

"காபிய, தட்டத் திருப்பிக் கொடுக்கற ஜன்னல்கிட்ட கொண்டுபோய் வெச்சா?" என்றாள் தூன்யா. "காபி வேணும்னா தட்டோட எழுந்துதானே ஆகணும்."

ஸ்லாவிட்சா என்னைப் பார்த்தார்.

"எட்டு," என்றேன். "அறிக்கைய மூணு பேரும் திரும்ப எழுதணும். அவங்கவங்க கண்டுபிடிச்சத அவங்கவங்களே எழுதணும்."

"ஒன்பது போடுங்க சார், கால் இன்னும் வலிக்குது," என்றான் வூக்.

"படிக்காமக் கையெழுத்துப் போட்டியே, அதுக்குத்தான் ஒண்ணு குறைஞ்சுது."

மூன்று மதிப்பெண் ஏடுகளிலும் ஸ்லாவிட்சா எட்டு என்று எழுதினார். தூன்யா தன்னுடையதை இருமுறை பார்த்துவிட்டு, விடுதிச் சாவியோடு சேர்த்துப் பைக்குள் வைத்தாள்.

"நாளைக்கு நானும் அங்க சாப்பிட வரேன்," என்றான் லாசர்.

"பன்னிரண்டு முப்பத்திமூணுக்கு முன்னாடி வா," என்றாள் அவள்.