பிரித்தவனே மாட்டட்டும்

எங்கள் அப்பாவும் அண்ணனும் ஒரே அச்சு. இரண்டு பேருக்கும் பிடித்தால் பிடித்த பிடிதான். பட்டாளத்தில் சேரப் போகிறேன் என்று அண்ணன் சொன்னபோது அப்பா, "என்னைக் கேட்டுட்டா முடிவு பண்ணே? போனா போ" என்றார். அவனும் போய்விட்டான். தையல் மெஷின் பழுது பார்க்கும் எங்கள் கடையில் அவன் பாதி பிரித்துப் போட்ட மெஷின் ஒன்று மேசைமேல் அப்படியே கிடந்தது.

மெஷினுக்குச் சொந்தக்காரியான தையல்கார அக்கா வந்து கேட்டாள். அப்பா கடையிலிருந்த வேறு மெஷினைக் கொடுத்து அனுப்பினார். "பிரிச்சவனே வந்து மாட்டட்டும். நான் தொட மாட்டேன்." அவருக்கு அது அரைநாள் வேலை. ஆனால் சொன்னால் சொன்னதுதான்.

போர் மூண்டது. அண்ணனை எல்லைக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கிருந்து வரும் ஒவ்வொரு கடிதத்திலும் கடைசி வரி ஒன்றே: 'அப்பா இன்னும் முகத்தைத் தூக்கி வெச்சுட்டுத்தான் இருக்காரா?' அதை மட்டும் நான் வேண்டுமென்றே உரக்கப் படிப்பேன். அப்பா காதே கேட்காதவர் மாதிரி பாபின்களைத் துடைத்துக்கொண்டிருப்பார். 'ஆமாம், இன்னும் இறக்கி வைக்கவில்லை. உன் மெஷினும் அப்படியே கிடக்கிறது' என்று பதில் எழுதுவேன்.

மழைக்காலத்தில் ஒருநாள் காலை அப்பா கடையைத் திறந்து நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை.

"அவனுக்கு எழுதாதே" என்றாள் அம்மா. "துப்பாக்கியும் கையுமா நிக்கிற பிள்ளை. இதையே நெனச்சு ஒரு நிமிஷம் அசந்தான்னா என்ன ஆகும்? அவன் வந்ததும் நானே சொல்லிக்கிறேன்."

எனக்கும் அதே பயம்தான். சரி என்றேன்.

கடை என் கைக்கு வந்தது. தையல்கார அக்கா மறுபடி வந்து நின்றாள். "அது எங்கம்மா தைச்ச மெஷின்டி. நீயாவது மாட்டிக் குடு." உதிரிகளெல்லாம் ஒரு தகரத் தட்டில், துணி போட்டு மூடிக் கிடந்தன. துணியை விலக்கியபோது பார்த்ததை நான் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. மெஷினை மாட்டிக் கொடுத்துவிட்டு, அண்ணன் மனம் குளிரட்டும் என்று எழுதினேன்: 'அப்பாவுக்குக் கோபம் ஆறிவிட்டது. உன் மெஷினை அவரே மாட்டிக் கொடுத்துவிட்டார்.'

'ரொம்ப சந்தோஷம். அப்பாவை வேளாவேளைக்குச் சாப்பிடச் சொல்' என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் அந்தப் பழைய கேள்வி இல்லை. பிள்ளை நிம்மதியாக இருக்கிறான் என்று நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் மெச்சிக்கொண்டோம். மகா கெட்டிக்காரிகள்.

அண்ணனின் பட்டாளத்துக் கூட்டாளி விடுமுறையில் வந்தார். அண்ணன் கொடுத்தனுப்பியதாக அம்மாவுக்கு ஒரு சால்வை, எனக்கு ஒரு பேனா. அப்பாவுக்கு ஒன்றுமில்லை. அம்மா முகத்தைப் பார்த்துக்கொண்டே டீ குடித்தவர், "அப்பா போனப்போ பக்கத்துல இருக்க முடியலையேன்னு அவன்..." என்று ஆரம்பித்து, பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அவனுக்கு யாருப்பா சொன்னது?" என்றாள் அம்மா.

"யாரும் சொல்லலம்மா. தங்கச்சி எழுதின கடிதத்தைப் படிச்சுட்டு லாரிக்குப் பின்னால போய் உட்கார்ந்துட்டான். 'எங்கப்பா போயிட்டார்டா. உயிரோட இருந்தா அந்த மெஷினைத் தொட்டிருக்கவே மாட்டார்'னான். அம்மா கஷ்டப்பட்டு மறைக்கிறாங்க, தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதேன்னு சொல்லித்தான் என்னை அனுப்பினான். என் வாய் சும்மா இருக்கல."

டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மேலும் சொன்னார்: "கடைசிவரைக்கும் என்மேல கோபத்தோடவே போயிட்டாரேன்னுதான் புலம்புறான். சரியா சாப்பிடறதில்ல."

அம்மா சால்வையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். "இத்தனை நாளா என் பிள்ளை அங்க தனியா அழுதிருக்கான்டி."

அவன் எதை நினைத்து அசந்துவிடக் கூடாது என்று பொய் எழுதினேனோ, அதையே அவன் தலையில் தூக்கி வைத்திருக்கிறேன். அப்போதுதான் அம்மாவிடம் அந்தத் தட்டைப் பற்றிச் சொன்னேன். மழைக்காலம் முழுக்கக் கிடந்த இரும்பு. அதில் ஒரு பொட்டுத் துரு இல்லை. ஒவ்வொரு திருகும் எண்ணெயில் பளபளத்தது. மூடியிருந்த துணி அப்பாவின் பழைய சட்டை. அதிலும் எண்ணெய் ஈரம் காயவில்லை.

"அதான் விடிஞ்சும் விடியாம கடைக்கு ஓடுவாரா மனுஷன்" என்றாள் அம்மா. பிறகு, "இதை ஏண்டி எழுதாம விட்டே?"

"தட்டை நான் திறந்தேன்னு எழுதினா, அப்பா எங்கேன்னு கேப்பானேம்மா."

கூட்டாளி கிளம்பும்வரை நேரமிருந்தது. அண்ணன் அனுப்பிய பேனாவிலேயே எழுதினேன்.

'அண்ணா, அப்பா உன் மெஷினை மாட்டவில்லை. மாட்டியது நான்தான். நீ வந்து மாட்டுவாய் என்று அவர் தினமும் அதற்கு எண்ணெய் போட்டு வைத்திருந்தார்.'